டென்வரில் இரண்டு கதவுகள்: நேஷனல் ஜூயிஷ் மருத்துவமனையும் ஜே.சி.ஆர்.எஸ். சானடோரியமும்

நியூயார்க் தையல் பட்டறைகளில் காசநோய் பிடித்து இருமத் தொடங்கிய யூதத் தொழிலாளிக்கு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரின் வறண்ட காற்றே கடைசி நம்பிக்கை. மருந்து கிடையாது, காசநோயைக் குணமாக்கிய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. ஓய்வு, பால், முட்டை, திறந்தவெளிப் படுக்கை, இவ்வளவுதான் சிகிச்சை.

நேஷனல் ஜூயிஷ் கட்டடம் 1893இலேயே தயார். வெள்ளி உலோகத்தின் விலை சரிந்து பணம் வற்றியதால் 1899 வரை பூட்டிக் கிடந்தது. இதன் பின்னால் நின்றவர்கள் வசதியான ஜெர்மன் யூதர்கள். நோயாளியிடம் காசு வாங்கவில்லை. ஆனால் ஆரம்பக்கட்ட நோயாளிக்குத்தான் இடம், அதுவும் ஆறு மாதம்தான். தொடக்க வருடங்களில் கோஷர் சமையலும், அதாவது யூத மத உணவு விதிப்படியான சமையலும், இல்லை. குணமாகக்கூடியவர்களுக்கே படுக்கை என்ற கணக்கு புரிகிறது. ஆனால் முற்றிய நோயோடு ரயிலேறி வந்தவர் தெருவில்தான் நின்றார்.

அந்த ஓட்டையை அடைக்க 1904இல் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்களே சில்லறை சேர்த்துத் தொடங்கியது ஜே.சி.ஆர்.எஸ். (யூதக் காசநோயாளிகள் நிவாரணச் சங்கம்) நடத்திய சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம். வழிநடத்தியவர் மருத்துவர் சார்லஸ் ஸ்பிவாக். எந்தக் கட்டத்து நோயாளியும் வரலாம். சாப்பாடு கோஷர், பேச்சு கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ். முதலில் கட்டடங்களைவிடக் கூடாரங்களே அதிகம்: மரத்தளம், மரச்சட்டம், மேலே கித்தான். காற்று தாராளம், குளிரும் தாராளம். முற்றியவர்களைச் சேர்த்ததால் சாவும் அதிகம். இறப்பு விகிதத்தை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

கோஷரும் இத்திஷும் வெறும் சலுகையல்ல. தட்டில் வைத்ததைத் தொடாத நோயாளிக்கு எடை ஏறாது. எடை ஏறாவிட்டால் அந்தச் சிகிச்சையில் மிச்சம் காற்று மட்டுமே.