பூதவாதியா, எபிகூரஸா?

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு வளவுச் சுவர் இன்றும் கண்ணாடிபோல் வழுவழுக்கிறது. சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெண்கரு: தனித்தனியே எதற்கும் அந்தப் பளபளப்புக் கிடையாது. உணர்வு உட்பட எல்லாம் பொருளிலிருந்தே பிறக்கிறது என்னும் பொருள்முதல்வாதத்தை எங்கே தொடங்குவது என்று கேட்கும் பிள்ளைகளை அந்தச் சுவரருகில்தான் நிறுத்துகிறேன்.

மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பூதவாதி என்னும் பொருள்முதல்வாதியின் வாதமும் அதுவே. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடினால் மதுவின் களிப்புப் பிறக்கிறது. அப்படியே நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, பிரியும்போது பறையோசைபோல் அடங்குகிறது. மறுமை பொய். என்ன அழகான உவமைகள்! ஆனால் இவற்றை நமக்குத் தருவது, அந்த வாதத்தை ஏற்காத ஒரு பௌத்தக் காப்பியம். எதிராளியின் வாய்வழியாகவே அவன் பேசுகிறான்.

கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸுக்கு அந்தக் குறை குறைவு. அவருடைய மூன்று கடிதங்களாவது மிஞ்சின. கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் தோட்டம் ஒன்றில் பள்ளி தொடங்கி, பெண்களையும் அடிமைகளையும் சேர்த்துக்கொண்டார். அணுக்களும் வெற்றிடமுமே உலகம் என்றார்.

முக்கியமான பிளவு இங்கேதான்: பூதவாதி கண்கூடாகக் காண்பதை மட்டுமே ஏற்பான், கருத்தளவையை, அதாவது கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பதை, தள்ளுவான். எபிகூரஸோ புலனறிவை அடிப்படையாக வைத்து, காணாத அணுவை ஊகித்தார். இதில் நான் எபிகூரஸ் பக்கம். ஊகம் இல்லாமல் அறிவியல் ஓர் அடிகூட நகராது.

மரண பயத்தால் தவிப்பவருக்கும் அவரையே தருவேன்: நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, அது வரும்போது நாம் இல்லை என்றவர் அவர். ஆனாலும் தமிழில் தொடங்குபவர் முதலில் பூதவாதியிடம் போகட்டும். அவன் நம் மொழியிலேயே வாதாடுகிறான்.