சீ செஸ்டுக்கு செம்பு அனோடு எம்ஜிபிஎஸ்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கடல்நீர் கப்பலுக்குள் நுழையும் அடிப்பகுதி அறையிலும் (சீ செஸ்ட்) கடல்நீர்க் குழாய்களிலும் கொட்டலசும் மட்டியும் பிடிக்காமல் தடுக்கும் மின்முறைகளில் (எம்ஜிபிஎஸ்), செம்பு–அலுமினிய அனோடு (நேர்மின்முனை) வகைக்கே எங்கள் ஓட்டு. கடல்நீரை மின்னாற்பகுத்துக் குளோரின் எடுக்கும் வகை கரையோர மின்நிலையங்களுக்குச் சரி. கப்பலில் ஹைட்ரஜனை வெளியேற்றுவதும் கேத்தோடில் (எதிர்மின்முனையில்) படியும் சுண்ணாம்பை அமிலம் விட்டுக் கழுவுவதும் கூடுதல் வேலை.

டிசி மின்னோட்டம் செம்பு அனோடைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைக்கிறது. லிட்டர் கடல்நீருக்கு 2 மைக்ரோகிராம் அளவு செம்பு இருந்தாலே லார்வாக்கள் குழாயில் குடியேறத் தயங்கும். அலுமினியம் கரைந்து ஹைட்ராக்சைடாகி, எஃகுக் குழாயின் உட்சுவரில் மெல்லிய படலம் இடும். குழாய் செம்பு–நிக்கல் என்றால் அலுமினியத்துக்குப் பதில் இரும்பு அனோடு கேளுங்கள்.

ஆம்பியர் கணக்கை விற்பனையாளரிடம் விடாமல் நீங்களே போடுங்கள். பம்ப் மணிக்கு 1000 கனமீட்டர் இழுத்தால் மணிக்கு 2 கிராம் செம்பு தேவை. ஓர் ஆம்பியர்-மணிக்குச் சுமார் 1.19 கிராம் கரையும், ஆக 1.7 ஆம்பியர். ஓயாமல் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 17.5 கிலோ. ஐந்து ஆண்டுக்கு ஒரு டிரைடாக் (கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்ப்பது) என்றால் 88 கிலோ. கடைசித் துண்டு முழுக்கக் கரையாது என்பதால் அதற்கும் மேலே வேண்டும். இந்தக் கணக்குக்குக் குறைவான எடையில் வரும் 'ஐந்தாண்டு அனோடு' டாக்குக்கு முன்பே தீர்ந்துவிடும்.

பேனலில் பச்சை விளக்கு மட்டும் எரியும் மாடல் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு அனோடுக்கும் தனித்தனியாக ஆம்பியரும் வோல்ட்டும் காட்ட வேண்டும். கோளாறை அதில்தான் படிக்க முடியும். வோல்ட் உச்சத்தில் நின்று ஆம்பியர் விழுந்தால் அனோடு தீர்ந்திருக்கும், கேபிள் அறுந்திருக்கும், அல்லது கப்பல் ஆற்றுத் துறைமுகத்தின் நன்னீரில் நிற்கும். ஆம்பியர் சரியாக இருந்து வோல்ட் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் ஷார்ட்: அனோடைச் சுவரிலிருந்து பிரிக்கும் இன்சுலேஷன் புஷ் (மின்காப்பு உறை) போயிருக்கும், இல்லையேல் ஏதாவது இரும்புத் துண்டு அனோடையும் சுவரையும் தொட்டுக்கொண்டிருக்கும்.

துறைமுகத்தில் பெரிய பம்ப் நின்று ஜெனரேட்டர் பம்ப் மட்டும் ஓடும்போது ஆம்பியரைக் குறைக்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அனோடு வீணாகும், செம்பும் அளவு மீறும். நீரோட்டமே இல்லாத சீ செஸ்டிலோ, கரைந்த செம்பு குழாய்க்குள் போகவே போகாது.

அனோடு ஸ்ட்ரெய்னருக்குள் (கடல்நீர் வடிகட்டிக்குள்) இருப்பது நல்லது. வால்வை மூடிவிட்டுக் கடலிலேயே மாற்றலாம். ஆனால் ஸ்ட்ரெய்னருக்கு முன்னே இருக்கும் சீ செஸ்டுக்குப் பாதுகாப்பு கிடைக்காது. ஏற்கெனவே வளர்ந்த சிப்பியை இது கழற்றாது, ஆகவே சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே இயக்குங்கள். அலுமினிய உடல் படகுகளுக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது: செம்பு படிந்த இடத்தில் உடல் அரித்து ஓட்டை விழும்.