வேப்ப மரத்தடியில் மடக்குத் தொட்டில்: வாங்கி ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன்

பேரன் தை மாதம் பிறந்தான். ராமநாதபுரத்தில் பிரசவம், அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு. எங்கள் ஊர் ஆற்றங்கரை என்கிற கிராமத்துக்குப் பக்கம். வைகையில் தண்ணீர் வருகிற வருசம் அது கடலில் சேருகிற இடத்துக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 31 வருசம் கிராம சுகாதார செவிலியராக இந்தக் கடலோரத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்னும் நர்சம்மாதான். பிள்ளை பெற்ற வீடுகளில் இப்போதும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை பகல்ல தூங்க மாட்டேங்குது, என்ன செய்ய?"

என் வீட்டிலேயே அந்தக் கேள்வி வந்தது. எங்களுடையது மெத்தை வீடு. மாசி பிறந்ததுமே பத்து மணிக்குள் தளம் சூடேறி அறைக்குள் இறங்கிவிடும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசும். பேரன் அரை மணி நேரம் தூங்குவான், முதுகு நனைந்து அழுதுகொண்டே எழுவான். அதே நேரம் வெளியே வேப்ப மரத்தடியில் கொண்டல் காற்று குளுகுளுவென்று அடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கரையில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகும், கடல் அவ்வளவு சூடாகாது, அதனால் முற்பகலிலேயே கடலிலிருந்து காற்று எழும்பிவிடும். அந்தக் காற்றை விட்டுவிட்டுப் பிள்ளையை அறைக்குள் வைத்து வேகவைப்பதில் எனக்கு மனமில்லை.

மரக்கிளையில் சேலையைக் கட்டித் தொட்டில் போடச் சொன்னார்கள். என் பிள்ளைகளும் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆனால் வேலையில் இருந்த காலத்தில் ஒரு வீட்டில் சேலைத் தொட்டிலுக்குள் பார்த்ததை என்னால் மறக்க முடியாது. இரண்டு மாதக் குழந்தை, உடம்பு வில்லாக வளைந்து தாடை நெஞ்சில் அழுந்திக் கிடந்தது. உதடு கறுத்திருந்தது. தூக்கி நிமிர்த்தியதும் மூச்சு சீரானது. அந்தத் தாய் பத்தடி தூரத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். சின்னக் குழந்தைக்கு மூச்சுக்குழல் மெல்லியது, கழுத்துக்குத் தலையைத் தாங்கும் பலம் வந்திருக்காது. அதனால் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். இதை நூற்றுக்கணக்கான வீடுகளில் சொல்லிவிட்டு என் பேரனைச் சேலைக்குள் போட என்னால் முடியாது.

அப்படித்தான் இந்தத் தொட்டிலை வாங்கினேன். ராமநாதபுரம் கடைத்தெருவில் 4,650 ரூபாய். இரும்புக் குழாயில் செய்த மடக்குச் சட்டம், நடுவில் கெட்டியான துணித் தொட்டி, தொட்டிக்கு அடியில் ஒட்டுப்பலகை, மேலே ஜிப் வைத்த கொசுவலை, நான்கு சக்கரம். ஆட்டலாம், வேண்டாமென்றால் ஒரு முளையைச் செருகி ஆடாமல் நிறுத்தலாம். அடியில் பலகை இருந்ததைக் கையால் அழுத்திப் பார்த்துத்தான் பணத்தைக் கொடுத்தேன். பலகை இல்லாத வகை ஆயிரம் ரூபாய் குறைவாகவே கிடைக்கும். அதை வாங்காதீர்கள். துணி தொய்ந்து ஒரே மாதத்தில் சேலைத் தொட்டில் மாதிரியே ஆகிவிடும்.

கூடவே ஒரு பஞ்சு மெத்தை, தலையணை, இரண்டு பக்கத்துக்கும் உருண்டைத் தலையணை கொடுத்தார்கள். எல்லாவற்றையும் பரணில் போட்டேன். மெத்தையில் கை வைத்தால் விரல் முழுகியது. அதில் குழந்தை குப்புறப் புரண்டால் மூக்கு புதைந்துவிடும். ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் பலகை அளவுக்கு இறுக்கமாகப் போட்டு, மேலே பழைய பருத்தி வேட்டியை விரித்து, ஓரத்தையெல்லாம் அடியில் சொருகினேன். அவ்வளவுதான் படுக்கை. சம்பந்தியம்மா ஆசையாகக் கடுகுத் தலையணை தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதையும் வைக்கவில்லை. காரணத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், புரிந்துகொண்டார்கள்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு மரத்தடியில் போட்டோம். பத்தே முக்கால் வரை அசையவில்லை. மகள் மூன்று தடவை எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கட்டும் என்று விட்டேன். வயிறு ஏறி இறங்குவது வலைக்கு வெளியே இருந்தே நன்றாகத் தெரியும். இந்தத் தொட்டிலில் எனக்குப் பிடித்த முதல் விசயம் அதுதான்: நான்கு பக்கமும் வலை, எங்கிருந்து பார்த்தாலும் பிள்ளை கண்ணுக்குத் தெரியும், காற்றும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சிதான் பதறிப்போனாள். "உச்சி நேரத்துல புள்ளைய வெளிய போடுறீகளே அக்கா, காத்துக் கருப்பு அண்டிரப்போகுது." அவள் சொன்னதை நான் தள்ளவில்லை. உச்சிப்பொழுதில் குழந்தையை வெளியே வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதில் நம் ஊர் வெயிலுக்கான கணக்கு இருக்கிறது. பதினொன்றரைக்கு மேல் நான்கு மணி வரை அவன் வீட்டுக்குள்தான். அக்னி நட்சத்திரத்தில் காலை ஒன்பதரைக்கே தூக்கிவந்துவிடுவேன்.

அப்போதுதான் மகள் போனில் பின்லாந்து பற்றிப் படித்துக் காட்டினாள். அங்கே குழந்தைகளைப் பனிக்காலத்திலேயே வீட்டுக்கு வெளியே வண்டியில் படுக்க வைத்துத் தூங்கப் பண்ணுவார்களாம். ஆர்வோ இல்ப்போ என்ற குழந்தை மருத்துவர் 1920களில் சொல்லிப் பரப்பிய பழக்கம் அது. அந்தக் காலத்தில் அங்கே கைக்குழந்தைகள் நிறைய இறந்துகொண்டிருந்தன. இருட்டான, அடைசலான வீடுகளிலிருந்து பிள்ளைகளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் எண்ணம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த ஊர்ப் பெற்றோரைக் கேட்டபோது, வீட்டுக்குள் தூங்குவதைவிட வெளியே பிள்ளைகள் அதிக நேரம் தூங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஏற்ற குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரி என்றும் சொல்லியிருக்கிறார்கள். "நம்ம ஃபிரிட்ஜோட மேல்தட்டும்மா அது" என்றாள் மகள். அவர்களுக்குக் கம்பளி, நமக்கு நிழல். அங்கே பிள்ளை குளிர்ந்துவிடாமல் பார்க்கிறார்கள், இங்கே சூடேறாமல் பார்க்க வேண்டும்.

அதைத்தான் அழுத்திச் சொல்ல வருகிறேன். வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று தொட்டில் மேல் துண்டையோ வேட்டியையோ போர்த்தாதீர்கள். சுவரில் மாட்டுகிற சின்ன வெப்பமானியைக் காலித் தொட்டிலுக்குள் வைத்துப் பார்த்தேன். நிழலில், வலை மட்டும் போட்டிருந்தபோது 31 டிகிரி. ஒரு மெல்லிய வேட்டியைப் போர்த்தி அரை மணி கழித்துப் பார்த்தால் 35. வெளியே காற்று அடித்துக்கொண்டேதான் இருந்தது, உள்ளே போகத்தான் வழியில்லை. குழந்தைக்குச் சூடா என்று கையையும் காலையும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பிடரியிலும் நெஞ்சிலும் விரலை வையுங்கள். ஈரமாக இருந்தால் உடனே தூக்கிவிட வேண்டும்.

இனி இதன் குறைகள். முதலில் சக்கரம். கடைத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது, எங்கள் வாசல் மணலில் ஒரு சாண்கூட நகரவில்லை. நான்கையும் கழற்றிவிட்டு, ஊன்றுகோலுக்குப் போடுகிற ரப்பர் புஷ்ஷை மருந்துக் கடையில் வாங்கி மாட்டினோம். கால்களுக்கு அடியில் நான்கு கடப்பாக்கல் துண்டு. அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை.

எறும்புக்கு எல்லோரும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் காலை வைக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்புகிற கொசு முட்டை போடும், அது கடிப்பதும் பகலில்தான். பிள்ளைக்குப் பக்கத்திலேயே நாம் அதை வளர்த்துவிடுவோம். விளக்கெண்ணெயில் நனைத்த துணி நாடாவை நான்கு காலிலும் சுற்றினேன், மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றினேன். எறும்பு ஏறவில்லை. அதே காரணத்துக்காகப் பகலிலும் வலை கட்டாயம். அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பரிசுப் பெட்டகத்தில் வந்த வலையைச் சில வீடுகளில் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பயன்படுத்துங்கள்.

பெரிய குறை அந்த ஜிப். ஆனி மாதம் ஒரு காலை. பேரன் எழுந்து அழுதான். மகள் ஓடிப்போய் ஜிப்பை இழுத்தாள், இரண்டு விரல் அளவு திறந்து நின்றுவிட்டது. நானும் இழுத்தேன். உலோகப் பல் ஒவ்வொன்றிலும் உப்புப் பூத்துப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. உள்ளே அவன் எங்களைப் பார்த்துக்கொண்டே, ஏன் தூக்கவில்லை என்று முகம் சிவக்க வீறிட்டான். மகளுக்குக் கை நடுங்கியது. திண்ணையில் மீன் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, கையிலிருந்த கத்தியால் கொசுவலையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் அறுத்தார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் இருக்காது. அந்த ஒரு நிமிடம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. பாம்பு, நாய் என்று ஏதாவது வந்திருந்தால்?

கடையில் போய்ச் சொன்னேன். "கடற்கரை வீடுன்னா துருவுக்கு வாரண்டி கிடையாதும்மா" என்றார்கள். தொண்டியிலிருந்து சாயல்குடி பக்கம் வரைக்கும் கடலை ஒட்டியே ஊர்கள் உள்ள மாவட்டத்தில் கடை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாங்குகிற அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும். தையற்காரரிடம் கொடுத்து உலோக ஜிப்பை எடுத்துவிட்டு, ஒட்டுகிற வெல்க்ரோ பட்டை வைத்தேன், 180 ரூபாய். ஒரு கையால் இழுத்தால் திறந்துகொள்ளும். அறுத்த இடத்தை வீட்டுக்காரர் நைலான் நூலால் கண்ணுக்குக் கண் சேர்த்து மூட்டினார். ஐம்பது வருசம் வலை பிடித்த கை, தையல் இருந்த இடமே தெரியவில்லை.

வெல்டிங் வைத்த மூட்டுகளில் மூன்றாவது மாதமே பெயிண்ட் மீன் செதிளாக எழும்பி உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் அடித்து, வாசனை முழுவதும் போகும் வரை பத்து நாள் பிள்ளையை அதில் படுக்க வைக்கவில்லை. நீங்கள் கடலோரமாக இருந்தால் வாங்கிய வாரமே இதைச் செய்துவிடுங்கள். தினமும் சாயங்காலம் ஈரத்துணியால் சட்டத்தைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்தால் உப்பு தங்காது.

கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கியதும் வேறொரு பாடு. எங்கள் கரைக்கு அது தரைப்பக்கமிருந்து அடிக்கும், புழுதியும் மணலும் சேர்ந்து வரும். முளையைச் செருகாத ஒரு நாள் தொட்டில் யாரும் தொடாமலே ஆடியது. அன்றிலிருந்து முளை போட்டே வைத்தேன், ஆட்டித் தூங்கவைக்கவே இல்லை, காற்றே போதும் அவனுக்கு. காற்று பலமான நாட்களில் வீட்டின் கிழக்குப் பக்கச் சுவர் மறைவுக்கு மாற்றிவிடுவேன். கரி மூட்டம் போட்டுப் புகை வந்தால் உள்ளேதான். பக்கத்தில் கருவாடு காய்கிற நாட்களிலும் ஈக்குப் பயந்து உள்ளேதான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒருநாள்கூட அவனைத் தனியாக விட்டதில்லை. யாராவது ஒருவர் கண்ணெட்டும் தூரத்தில். மகள் குளிக்கப் போனால் நான், நான் அடுப்படிக்குப் போனால் வீட்டுக்காரர். சித்திரை, வைகாசியில் மாப்பிள்ளையும் வந்துவிட்டார். விசைப்படகுக்கு 61 நாள் தடைக்காலம், மண்டபத்தில் படகைக் கட்டிவிட்டு இங்கேயே இருந்தார். வேப்பம்பூ உதிர்ந்து வலை மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். அவர் பனை ஓலை விசிறியால் அதை மெல்லத் தள்ளிவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வருசத்தில் மீதி நாளெல்லாம் கடலில் கிடக்கிற மனிதருக்குப் பிள்ளையின் தூக்கத்தைப் பார்க்கக் கிடைத்த இரண்டு மாதம் அது.

ஆறு மாதம் முடிகிற நேரம் பேரன் கையை ஊன்றி எழ ஆரம்பித்தான். அன்றோடு இதில் தூங்கவைப்பதை நிறுத்திவிட்டேன். தொட்டியின் ஓரம் உயரம் குறைவு, பிடித்து எழுந்தால் கவிழ்ந்துவிடும். கடைக்காரர் ஒரு வயது வரை போடலாம் என்று சொன்னதை நம்ப வேண்டாம். இப்போது அவனுக்குத் திண்ணையில் தரையோடு பாய், மேலே குடை வலை.

இந்த 4,650 ரூபாய்க்கும் மேற்செலவுக்கும் அவன் நன்றாகத் தூங்கிய நான்கு மாதம் எனக்குத் தகும். வாங்குகிறவர்கள் பலகை இருக்கிறதா, ஜிப் பிளாஸ்டிக்கா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். எங்கள் தொட்டிலை ஆவணி கடைசியில் துடைத்துப் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குக் கொடுத்தேன், அவள் மருமகளுக்குப் பெண் குழந்தை. அவர்கள் வாசலில் பூவரசு. கம்பளிப்பூச்சி விழும், அதனால் எங்கள் வேம்புக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையும் பாட்டியுமாக வந்துவிடுகிறார்கள். ஐப்பசி மழை பிடிக்கும் வரை வருவார்கள்.