ஹெட்லைட் மஞ்சளை வீட்டிலேயே எடுத்தேன்: மூன்று முறை, ஆறு வருடம்

சங்கரன்கோவிலில் அக்கா வீடு. திருநெல்வேலியிலிருந்து மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் வழியாக மாதம் இரண்டு முறையாவது போய்வருவோம். திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். 2019 கடைசியில் ஒருநாள் அப்படித் திரும்பிக்கொண்டிருந்தபோது, புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு மொபெட் முன்னால் போவதே கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது. பின்விளக்கு இல்லாத வண்டி. பிரேக்கை அழுத்தி நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா கேட்டாள், "ஏல, லைட்டப் போடலியா?" லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில்தான் ஹெட்லைட்டை ஒழுங்காகப் பார்த்தேன். 2012 மாடல் வண்டி, 2018-ல் பழையதாக வாங்கியது. வலது விளக்கு பழைய எண்ணெய் பாட்டில் மாதிரி மஞ்சளேறி, உள்ளே இருக்கும் பல்பே சரியாகத் தெரியவில்லை. இடது விளக்கு பரவாயில்லை. வண்டி மேற்குப் பார்த்துத்தான் நிற்கும். சாயங்கால வெயிலில் பக்கத்து வீட்டு வேப்பமர நிழல் இடது பக்கம் விழும், வலது பக்கத்துக்கு அந்த நிழல் கிடைக்காது. ஒரே வயசுள்ள இரண்டு விளக்குகளுக்குள் அவ்வளவு வித்தியாசம்.

அம்பாசடரிலும் பத்மினியிலும் இருந்தது கண்ணாடி. அது மஞ்சளாகாது, கல் பட்டால் உடையும். இப்போதைய வண்டிகளில் இருப்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். எடை குறைவு, அடி தாங்கும், ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதற்காகத்தான் கம்பெனியில் மேலே ஒரு கெட்டியான பாதுகாப்புப் பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு தேய்ந்து வெடித்த பிறகுதான் மஞ்சள் ஆரம்பிக்கிறது. இது எனக்கு அப்போது தெரியாது. மேலே படிந்த அழுக்கு என்றுதான் நினைத்தேன்.

முதலில் பற்பசை. இரண்டு வாரம் பளபளப்பாக இருந்தது, பிறகு பழையபடி. கொசு விரட்டும் திரவத்தைத் தேய்க்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்கிவிடும். அப்போதைக்குத் தெளிவாகத் தெரியும், பிறகு நுண்ணிய வெடிப்பு விழும். எங்கள் தெருவில் ஒரு வண்டியில் அப்படி ஆகி, கடைசியில் விளக்கையே மாற்றினார்கள்.

2020 பொங்கல் லீவில் முறையாக இறங்கினேன். 800, 1500, 2000 என்று வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட நைசாக இருக்கும்) வாங்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டுப் பாலிஷ் செய்தேன். புது விளக்கு மாதிரி ஆனது, வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். மேலே எதுவும் பூசவில்லை. வைகாசிக்குள் மறுபடி மஞ்சள், அதுவும் இந்த முறை நிழலில் இருந்த இடது பக்கமும் சேர்த்து! அதில் மிச்சம் இருந்த கம்பெனிப் பூச்சையும் நானே தேய்த்து எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

சரி, மேலே ஏதாவது பூச வேண்டும் என்று புரிந்தது. 2021-ல் மறுபடி தேய்த்து, பாலிஷ் செய்து, கண்ணாடி போல ஆக்கி, அதன் மேல் சாதாரண ஸ்ப்ரே கேனில் வரும் கிளியர், அதாவது நிறமில்லாத பூச்சு, அடித்தேன். அது ஆடி மாதம். எங்கள் ஊரில் ஆடிக் காற்றில் வாசலில் ஸ்ப்ரே அடிப்பது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், ஈரத்தில் தூசி அப்பிக்கொண்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த கோடையில் மேல் ஓரத்திலிருந்து வெங்காயச் சருகு போல உரிய ஆரம்பித்தது. நகத்தால் இழுத்தால் துண்டு துண்டாகக் கையோடு வந்தது.

ஏன் உரிந்தது என்று பாளையங்கோட்டையில் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். விளக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாலிஷ் போட்டு வழவழன்னு ஆக்கிட்டீங்கல்லா தம்பி, அதுமேல கிளியர் எதப் புடிச்சு நிக்கும்? சொரசொரப்பு வேணும்லா" என்றார். பூச்சை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர்தான் வெயிலைத் தாங்கும் என்றும் சொன்னார். இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

2023 தை மாதம் மூன்றாவது முறை. இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், இன்று வரை நிற்பது இதுதான்.

விளக்கைச் சுற்றி பம்பர், பானெட் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டினேன். முதல் முறை ஓர் அடுக்குதான் ஒட்டியிருந்தேன், டேப் கிழிந்து பானெட் முனையில் பெயிண்ட் போய்விட்டது. வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, பேப்பரைப் பத்து நிமிடம் ஊறவைத்தேன். 400-ல் ஆரம்பித்து இடமும் வலமுமாகத் தேய்த்தேன். வழியும் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். முதலில் மஞ்சளாக வரும். பழைய பூச்சும் கெட்டுப்போன தோலும் போகப் போகப் பால் மாதிரி வெள்ளையாக மாறும். மஞ்சள் நிற்கும்வரை அடுத்த பேப்பருக்குப் போகக் கூடாது, நான் முதல் முறை அவசரப்பட்டது அங்கேதான். அப்புறம் 600 மேலும் கீழுமாக, 800 மறுபடி இடமும் வலமுமாக, 1000 மேலும் கீழுமாக. திசை மாற்றித் தேய்த்தால் முந்தைய பேப்பரின் கீறல் எது மிச்சம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து முக்கால் நாள் ஆனது.

1000-ல் நிறுத்தினால் விளக்கு பனி படிந்த கண்ணாடி மாதிரி வெளுத்து நிற்கும், பார்க்கவே பயமாக இருக்கும். அப்போது ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரம் பட்ட இடம் தெளிந்துவிடும். கிளியர் அடித்தால் எப்படி இருக்குமோ அதுதான் அந்தத் தோற்றம். தண்ணீர் தெளித்த பிறகும் தெரிகிற கீறல் கிளியருக்குப் பிறகும் தெரியும், அந்த இடத்தை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். தின்னர், அசிட்டோன் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழுந்துவிடும். டூ-கே கேனின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் கலக்கும். அதற்குப் பிறகு அந்தக் கேனுக்கு ஒன்றிரண்டு நாள்தான் ஆயுள். அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல், துணி மாஸ்க் போதாது. ரசாயன ஆவி தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு, திறந்த வெளியில், காற்றில்லாத காலை எட்டு மணிக்கு அடித்தேன். குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தேன். முதல் பூச்சு சும்மா தூறல் மாதிரி. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது, மூன்றாவது பூச்சு ஈரமாக. ஒரு வாரம் வண்டியைக் கழுவவில்லை.

மதுரை நாலுவழிச் சாலையில் லாரி தெறித்த கல் பட்டு விளக்கில் பொடிப் பொடியாகக் குழிகள் இருந்தன. நகத்தை ஓட்டினால் தட்டாத குழிகள் 400-லேயே போய்விட்டன. நகம் மாட்டுகிற இரண்டு மூன்றை அப்படியே விட்டேன். ஒரே இடத்தில் குடைந்து தேய்த்தால் அங்கே பள்ளமாகி வெளிச்சம் கோணும். கிளியர் ஓரளவு நிரப்பியிருக்கிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

வித்தியாசம் சுவரில் தெரிந்தது. எதிர் காம்பவுண்ட் சுவரில் லோ பீம் அடித்தால் முன்பு மொத்தமும் ஒரு மஞ்சள் மூட்டம். இப்போது மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு, அந்தக் கோடு இடது பக்கம் ஏறிப்போவதுகூடத் தெளிவு. நம் நாட்டில் இடது பக்கம் போகிறோம், ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மங்கிய விளக்கில் அந்த வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில்தான் போய் விழும். அமெரிக்காவின் ஏஏஏ மோட்டார் சங்கம் 2018-ல் செய்த சோதனையில், மங்கிய விளக்கு புதிய விளக்கின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுத்தது, சீராக்கிய பிறகு 70 சதவீதம் அளவுக்குத் திரும்பியது. எனக்கும் ஏறத்தாழ அப்படித்தான் படுகிறது. பல்பை மாற்றவில்லை, அதே 60/55 வாட் ஹாலஜன்தான். பல்பு வாட்டைக் கூட்டி இந்தக் குறையைச் சரிக்கட்ட நினைக்காதீர்கள், சூடு கூடி ரிப்ளக்டர் கெட்டுப்போகும்.

விளக்குக்கு உள்ளே பனி மாதிரி நீர் கோத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. எனக்கு இடது பக்கம் அப்படி ஆனபோது பின்னால் இருக்கும் ரப்பர் மூடி கிழிந்திருந்தது, அதை மாற்றியதும் சரியானது.

செலவு, மாஸ்க் நீங்கலாக, 1,500 ரூபாய்க்குள். புது விளக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் 3,800 கேட்டார்கள்.

இது 2025 ஐப்பசி. இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. இடது விளக்கு அடித்த அன்று இருந்தது போலவே இருக்கிறது. வலது விளக்கின் மேல் ஓரத்தில், வெயில் நேராக விழும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு லேசான மங்கல். உரியவில்லை, வெடிக்கவில்லை. போன மாதம் அதே தேவர்குளம் ரோட்டில் இரவு வந்தோம். வளைவுக்கு முன்னாலேயே ஆட்டுக்கிடையும், கம்போடு ஓரத்தில் நின்றவரும் தெரிந்தார்கள். வருகிற தையில் வலது விளக்கை மட்டும் 1000 பேப்பரில் மேலோட்டமாகத் தேய்த்து இன்னொரு பூச்சு அடிக்கப்போகிறேன். அதுவரை சாயங்காலம் வண்டி நிற்கும்போது அந்தப் பக்கத்துக்கு ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவைக்கிறேன்.