3,20,000 ரூபாய் அட்வான்ஸ் போச்சு: அயோத்தியாப்பட்டணம் பக்கம் வீடு பார்ப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று மத்தியானம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. ராத்திரி தூக்கம் இல்லை. வீடு வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைப் படியுங்கள்.

அம்மாப்பேட்டையில் பதினோரு வருஷமாக வாடகை. வேலை ஐந்து ரோடு பக்கம். ஆத்தூர் ரோட்டில் மின்னாம்பள்ளியை ஒட்டி ஒரு கிராமத்தில் தனி வீடு, 28 லட்சம் என்று ஒரு வீட்டுமனை ஆபீஸ் நோட்டீஸ் கொடுத்தது. பஸ் அடிக்கடி உண்டு, ரயிலடி பக்கம், சேலம் டவுனில் இறங்கிக்கொள்ளலாம் என்றார்கள். (அந்த விருத்தாசலம் லைனில் என் ஆபீஸ் நேரத்துக்கு வண்டி இருக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. அவ்வளவு அறிவாளி.)

காரில் கூட்டிப் போன பையன் வழியில் தட்டுவடை செட் கடையில் நிறுத்தினான். என் மனைவி சனிக்கிழமை வெங்காயம் சேர்க்க மாட்டாள். முதல் நாள் போனில் பேச்சுவாக்கில் சொன்னதுதான். அவள் வாய் திறக்குமுன், "அக்காவுக்கு வெங்காயம் இல்லாம ஒரு செட்டு" என்றான். அங்கேயே விழுந்துவிட்டோம். வீட்டுக்குப் போனதும் போர் தண்ணீரைப் பிடித்து அவனே குடித்துக் காட்டினான். "என் தங்கச்சிக்கே எதிர் வரிசையில எடுத்திருக்கேனுங்ண்ணா." சமையலறை ஜன்னலில் சேர்வராயன் மலை. இவள் அடுப்பை எங்கே வைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே 2 லட்சம் அக்கவுண்டில், 1,20,000 ரொக்கமாக. ரொக்கம் அவள் செயினை அடகு வைத்து வந்தது. முத்திரைத்தாளில் ஒரு அக்ரிமெண்ட், பதிவு செய்யவில்லை. இது ஆனியில்.

அப்புறம்? "ஆடியில யாராவது பத்திரம் போடுவாங்களாண்ணா?" சரி. "கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஆபீஸ் லீவு." சரி. ஆவணியில், பத்திரப் பதிவுக்கு டோக்கன் கிடைக்கவில்லை. புரட்டாசியில், சார் கோயம்புத்தூர் போயிருக்கிறார். நேரில் போனால் மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள். நாலு டம்ளர் மோருக்கு 3,20,000!

பொறுக்க முடியாமல் நேற்று காகிதங்களை ஒரு பத்திர எழுத்தரிடம் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினார். "இவங்க பவர் ஏஜென்ட்டுதானே? பவர் குடுத்தவர் உசுரோட இருக்காருன்னு சர்டிபிகேட் எங்க?" (பவர் ஏஜென்ட் என்றால், நிலத்துக்காரருக்குப் பதிலாக விற்க அவரிடம் அதிகாரம் எழுதி வாங்கியவர்.)

அங்கிருந்து நேராக அந்தக் கிராமத்துக்குப் போனேன். நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணைக்கு மேலே அவர் படம், மாலை, ஒரு சிவப்பு பல்ப். போன தை மாசமே போய்விட்டார். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அதோடு முடிந்தது. எனக்கு அக்ரிமெண்ட் எழுதினது அதற்கு அஞ்சு மாசம் கழித்து. அவர் மகள் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்களோட சேத்து நாலு பேரு வந்துட்டீங்க." எதிர் வரிசையில் தங்கச்சியும் இல்லை. ஆத்தூர்க் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது.

ஆபீஸில் கேட்டால், "வாரிசுங்ககிட்ட கையெழுத்து வாங்கிடலாம், டென்ஷன் ஆகாதீங்க." பணம்? "அது வேற சைட்டுல ரொட்டேஷன்ல இருக்குங்ண்ணா." என் 3,20,000 ரொட்டேஷனில் இருக்கிறதாம்!

வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் விவரம்) போட்டுத்தான் பார்த்தேன், முப்பது வருஷத்துக்கும் சுத்தம். ஆள் செத்தது வில்லங்கத்தில் ஏறாது. பதிவாகாத அக்ரிமெண்ட்டும் ஏறாது. பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவரை வீடு தேடிப் போய்ப் பாருங்கள். அக்ரிமெண்ட்டைப் பதிவு பண்ணாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம், அந்த 1,20,000க்கு என்னிடம் ரசீதுகூட இல்லை. இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை.

பையன் போன் காலையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறேன், அப்புறம் போலீஸ். அந்த மற்ற மூன்று பேரில் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.