கைக்கடிகாரத்துக்கு எத்தனை நொடித் துல்லியம் போதும்?

ஆறு வருடம், கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டினேன். போன வருடம் அதை அலமாரியில் வைத்துவிட்டு, செல் போடும் சாதாரண குவார்ட்ஸுக்கு மாறினேன். இரண்டையும் கட்டிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நாளுக்கு எத்தனை நொடி பிசகுகிறது என்பதைவிட, எத்தனை நாளுக்கு ஒருமுறை அதைத் திருத்த வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

அழகில் ஆட்டோமேட்டிக்தான். பின்பக்கக் கண்ணாடி வழியே பேலன்ஸ் சக்கரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் என்னுடையது நாளுக்கு 25 நொடி முந்தும். அது பழுது இல்லை, அந்த விலை வாட்சுக்கு அவ்வளவு பிசகு சகஜம். வாட்ச் துல்லியத்தைச் சோதிக்கும் சுவிஸ் அமைப்பான கோஸ்க்கின் (COSC) சான்று பெறும் இயந்திரத்துக்கே நாளுக்கு −4 முதல் +6 நொடி வரை அனுமதி உண்டு. 25 நொடி என்றால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். போதாததற்கு, வெள்ளி இரவு கழற்றி வைத்தால் 40 மணி நேரத்தில் நின்றுவிடும். திங்கள் காலை ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் தேதி, கிழமை, மணி மூன்றையும் திருக வேண்டும்.

அப்பா எச்.எம்.டி. கட்டியிருந்தார். தினமும் சாவி கொடுத்து, ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் பிப் ஒலிக்காக விரலை வாட்சின் பக்கவாட்டுத் திருகின் மேல் வைத்தபடி காத்திருப்பார். தினமும் திருத்தியதால் அரை நிமிடப் பிசகு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்கு 15 நொடி, மிஞ்சிப்போனால் 20 நொடி பிசகும். இது போதுமா என்று யோசித்தபோதுதான் தேதிக் கட்டம் கண்ணில் பட்டது. சாதாரண வாட்சுக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். அதனால் மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் ஆகிய மாதங்களின் முதல் தேதியில் எப்படியும் திருகை இழுத்தாக வேண்டும். கையோடு நேரத்தையும் சரிசெய்துவிடலாம். இரண்டு திருத்தங்களுக்கு நடுவே அதிகபட்சம் மூன்று மாதம், அதாவது முக்கால் நிமிடம், மோசமாகப் போனால் ஒரு நிமிடம். பேருந்துக்கும் பள்ளி மணிக்கும் ராகு காலத்துக்கும் இது தாராளம்.

ஜப்பானின் கிராண்ட் செய்கோ வாட்சில் வரும் 9எஃப் என்ற குவார்ட்ஸ் இயந்திரம் வருடத்துக்கு ±10 நொடிதான். அபாரமான வேலைப்பாடு. ஆனால் அதிலும் தேதி வைத்த மாடல் என்றால் அதே ஐந்து முறை திருக வேண்டியதுதான். ரேடியோ அலையில் நேரம் பிடிக்கும் வாட்ச்கள் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், சீனா நிலையங்களை நம்பியவை; நம் ஊரில் அந்த வசதி உதவாது. போனோடு இணையும் வாட்சை இரண்டு வாரம்தான் கட்டினேன். நேரம் கச்சிதம், ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டியிருந்தது.

செலவிலும் குவார்ட்ஸ் பக்கம்தான் நான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு செல், கூடவே தண்ணீர் புகாமல் தடுக்கும் வாஷரையும் மாற்றச் சொல்ல வேண்டும். என்னுடையதற்கு இன்னும் அந்த முறை வரவில்லை. ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு முறை ஆயில் சர்வீஸ் செய்ததற்கே இந்த குவார்ட்ஸின் பாதி விலை ஆனது.

அக்டோபர் 1-ஆம் தேதி காலை, நொடி முள் 12-க்கு வந்ததும் திருகை இழுத்து நிறுத்தி போனோடு ஒப்பிட்டேன். ஜூலையிலிருந்து 34 நொடி முந்தியிருந்தது. மூன்று மாதமும் அதை நம்பித்தான் ரயில் பிடித்தேன். ஒரு நாளும் தவறவில்லை.