வெனிஸ் கட்டணமா, பார்சிலோனா தடையா: எது ஊர்க்காரரைத் தங்க வைக்கும்?

வெனிஸில் ரியால்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக்கடை. அதன் ஜன்னலில் 2008 முதல் ஒரு மின்பலகை இருக்கிறது. அதில் தெரியும் எண், தீவு நகரத்தில் இன்னும் குடியிருப்பவர்களின் தொகை. 1951-ல் அங்கே சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது.

சுற்றுலாப் பயணிகளின் பெருக்கத்தால் ஊர்க்காரர்கள் வெளியேறுகிறார்கள் என்பதுதான் கவலை. பார்சிலோனாவுக்கும் இதே கவலைதான். ஆனால் இரண்டு ஊர்களும் பிடித்த வழி வேறு.

வெனிஸ் நுழைவுக் கட்டணம் போட்டது. 2024-ல் கூட்டம் மிகுந்த 29 நாட்களில், பகலில் வந்து திரும்பும் பயணிகள் 5 யூரோ கட்ட வேண்டியிருந்தது. 2025-ல் அது 54 நாட்கள் ஆனது. கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. இரவு தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. எனக்கு இடிப்பது இங்கேதான், ஏனென்றால் வீடுகளைப் பிடிப்பது அவர்கள்தான். படகில் ஏற இடமில்லை, சந்தில் நடக்க முடியவில்லை என்பதெல்லாம் தொல்லைதான், ஆனால் மக்கள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள். வாடகை ஒப்பந்தம் முடிந்த அன்று வீட்டுக்காரர் "இனிமேல் பயணிகளுக்குத்தான் விடப்போகிறேன்" என்று சொன்னால் என்ன செய்வது? பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சொந்த வீடு உள்ளவரும் கணக்குப் போடுகிறார். தாத்தா வீடு பேரன்கள் கைக்கு வருகிறது. அதைப் பயணிகளுக்கு விட்டுவிட்டு, தீவைக் கரையோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் லிஃப்ட் வைத்த வீட்டில் குடியேறலாம். அவர் வருமானத்தோடு போகிறார், வாடகைக்காரர் வெறுங்கையோடு போகிறார். அப்புறம் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், ரொட்டிக்கடை இருந்த இடத்தில் பயணிகளுக்கான திருவிழா முகமூடிக்கடை வருகிறது. போக நினைக்காதவரும் அப்போது யோசிக்கத் தொடங்குகிறார்.

பார்சிலோனா கை வைத்தது வீட்டின் மேலேயே. பயணிகளுக்கு விடும் 10,101 வீடுகளின் உரிமத்தையும் 2028 நவம்பருக்குள் முடித்துவிடப் போவதாக 2024 ஜூனில் மேயர் ஜவுமே கொல்போனி அறிவித்தார். அதற்கு அடிப்படையான, பார்சிலோனா அமைந்த கட்டலோனியப் பகுதியின் சட்டத்தை, 2025 மார்ச்சில் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றமும் செல்லும் என்றது.

இதிலும் ஓட்டை உண்டு. 2024-ல் வாடகைக்கு உச்சவரம்பு வந்ததும், வீட்டுக்காரர்கள் பலர் அந்த வரம்பு தொடாத 11 மாதத் தற்காலிக ஒப்பந்தத்துக்குத் தாவினார்கள். நம் ஊரிலும் 11 மாத ஒப்பந்தம்தான் வழக்கம். புதுப்பிக்கும் மாதம் நெருங்கும்போது வயிற்றில் புளியைக் கரைப்பது தெரிந்ததுதானே.

இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் பார்சிலோனா பக்கம். கட்டணம் பகல் கூட்டத்தைத் தொடுகிறது, தடை வீட்டைத் தொடுகிறது. ஆனால் தேதிதான் உறுத்துகிறது. கடற்கரையோர பார்சலோனெட்டாவில் ஒரு சின்ன வீட்டில் இருப்பவரின் ஒப்பந்தம் 2026-ல் முடிந்தால், 2028 வரை அவர் எங்கே போய்க் குடியிருப்பார்?